கல் அரித்த கையால் பொன் அரிக்கலாம்

புதுவயலில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் புழுங்கலுக்கு நெல் அவிக்கும் வாசம் வந்துவிடும். அரிசி ஆலைகள் சூழ்ந்த ஊரில் புடைக்கவும் கொழிக்கவும் கல் அரிக்கவும் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணிலிருந்து பொன்னைப் பிரிக்கவும் அந்தக் கைப்பழக்கம்தான் வேண்டும், தோழிகளே. முற்றத்தில் தொலைந்த திருகாணியைத் தேடுகிறவர்களுக்கும், லீவுக்கு நிலம்பூர், கூடலூர் பக்கம் போய்வந்தபின் "ஆற்று மணலில் பொன் இருக்குமாமே" என்று பிள்ளைகள் நச்சரிக்கும் வீடுகளுக்கும், கிணற்று மண்ணில் ஏதோ மினுங்குகிறது என்று தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கே தொடங்குவது, எதுவரை தோண்டுவது என்று தெரிந்துவிட்டால் பாதி உழைப்பு மிச்சம்.

1. கல் அரிக்கும்போது அரிசி தண்ணீரோடு வெளியே போகும், கல் அடியில் தங்கும். பொன் அரிப்பதும் இதேதான். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இந்த வித்தியாசமே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும், நாம் அவசரப்படாமல் இருந்தால் போதும்.

2. இதற்கென்று தட்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பரணில் அப்பத்தா காலத்து அரிக்கஞ்சட்டி கிடந்தால் இறக்குங்கள். உள்பக்கம் வரிவரியாக இருக்கும் அந்த மண்சட்டியில் கனமான துகள் வரியில் மாட்டி நின்றுவிடும். சட்டி இல்லாதவர்கள் வாய் அகன்ற கறுப்பு பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொள்ளலாம், கறுப்பில் மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

3. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரம் ஆகவே ஆகாது. பிசுக்குப் பட்டால் மெல்லிய பொன் துகள் தண்ணீர்மேல் மிதந்து, நாம் கவனிக்கும் முன் வெளியே போய்விடும். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அரிக்கும் தண்ணீரிலும் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டுவிடுங்கள்.

4. அரிக்கும் முறை இது. சட்டியில் பாதிக்கு மண், அது மூழ்கத் தண்ணீர். முதலில் கட்டியெல்லாம் கரையும்படி மாவு பிசைவதுபோல் கையால் பிசைந்து, பெரிய கற்களைச் சட்டிக்குள்ளேயே அலசி வெளியே போடுங்கள். பிறகு சட்டியைச் சமமாகப் பிடித்து இடமும் வலமுமாக நன்றாக ஆட்டுங்கள், கனமானது இறங்கட்டும். அதன்பிறகுதான் முன்பக்கம் லேசாகச் சாய்த்து, தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மேல்மண்ணை மட்டும் வழியவிட வேண்டும். நாலு முறை வழியவிட்டால் ஒரு முறை மறுபடி சமமாக ஆட்டுங்கள். கடைசி இரண்டு கரண்டி மண் மிஞ்சும்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பொன் நழுவுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

5. உங்கள் கை தேறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. தூண்டில்காரர்கள் கட்டும் ஈயக் குண்டு ஒன்றை வாங்கி, கடுகளவு பத்துத் துண்டாக நறுக்கித் தட்டையாக்கி மண்ணோடு கலந்து அரியுங்கள். ஈயம் தங்கத்தைவிட லேசு. பத்தும் சட்டியில் நின்றால் தங்கம் கண்டிப்பாக நிற்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே அடுத்த வேலை.

6. மண்ணெல்லாம் போனபின் அடியில் கருமணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், பொன் இருந்தால் அதற்குள்தான் இருக்கும். தட்டில் பரப்பி நிழலில் உலரவிடுங்கள்.

7. உலர்ந்த கருமணலைப் பிரிக்கப் பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போதும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மணல்மேல் ஓட்டுங்கள். ஒட்டியதும் வேறு தாளுக்குக் கொண்டுபோய், கவருக்குள்ளிருந்து காந்தத்தை மட்டும் உருவினால் மணல் உதிர்ந்துவிடும். கவர் போடாமல் ஓட்டினால் காந்தத்திலிருந்து அந்த மணலைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

8. காந்தத்துக்கு வராமல் மிஞ்சியதை, நடுவில் மடித்துப் பிரித்த வெள்ளைத்தாளில் கொட்டி, பின்பக்கம் விரலால் தட்டிக்கொண்டே மெதுவாக ஊதுங்கள். உளுந்தில் தூசி ஊதுகிற பலத்தில் கால்வாசி போதும். மின்விசிறியை முதலில் நிறுத்திவிடுங்கள்.

9. துகளை எடுக்கத் துடைப்பத்து ஈர்க்கின் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஒற்றுங்கள். கழுவிய பழைய ஊசி மருந்து பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஈர்க்கு நுனியை அதில் நனைத்தால் துகள் தானே அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டிலுக்கு மூடியும் சீட்டும் அன்றைக்கே போட்டு வையுங்கள்.

10. மினுங்குவதெல்லாம் பொன் ஆகாது என்று தெரியும், ஆனால் எப்படிப் பிரித்தறிவது? உள்ளங்கையால் நிழல் கட்டிப் பாருங்கள். காக்காப்பொன் வெயிலில் மட்டும் கண்சிமிட்டும், நிழலில் மங்கிவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் மாறாது.

11. அடுத்த சோதனை தையல் ஊசி. துகளை ஊசிமுனையால் அழுத்தினால் தங்கம் பள்ளம் விழும், காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல் பொடிப்பொடியாகிவிடும். தேங்காய் நாரைவிடச் சன்னமான துகளுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

12. கொஞ்சம் பெரிய துண்டாக இருந்தால், பாத்ரூமில் ஒட்டி மிஞ்சிய டைல்ஸின் முதுகுப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் கரும்பச்சைக் கோடு போடும். அதற்குமேல் சந்தேகம் வந்தால் தெரிந்த பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரைக்கச் சொல்லுங்கள். திராவகத்தை வீட்டுக்கு வாங்கிவர வேண்டாம்.

13. பாதரசம் போட்டால் பொன் துகளெல்லாம் திரண்டு வரும் என்று யாராவது சொல்லித்தருவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். திரண்டதைச் சூடாக்கும்போது கிளம்பும் புகை மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சமையலறைச் சுவரில் படிந்து நாள்கணக்கில் கசியும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கவென்றே 2013-இல் உலக நாடுகள் மினமாட்டா ஒப்பந்தம் போட்டன, 2018-இல் நம் நாடும் ஏற்றுக்கொண்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

14. வீட்டில் மூக்குத்தியோ திருகாணியோ விழுந்தால் முதல் வேலை, துடைப்பத்தை எடுக்காமல் இருப்பது. இரண்டாவது, தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. கடைசியாக மூக்கிலோ காதிலோ கை வைத்து 'இருக்கிறது' என்று பார்த்தது எப்போது, அப்போது எங்கே நின்றோம் என்று நினைவுபடுத்தி, அங்கிருந்து இங்கே வந்த வழியை மட்டும் தேடுங்கள்.

15. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். கடுகளவு பொருளும் நீளமான நிழல் போடும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பூ டிசைனுக்கு நடுவே பகலில் தெரியாதது இப்படிச் சட்டென்று கண்ணில் படும்.

16. மண் தரையிலோ தோட்டத்திலோ தேடும்போது கோலமாவால் இரண்டடிச் சதுரங்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுரம் முழுக்கப் பார்த்து முடித்தால் அதற்குள் ஒரு புள்ளி. பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும் அலுப்பு இதில் இல்லை. கீழடியில் நூல் கட்டிச் சதுரம் சதுரமாகத் தோண்டுவதும் எது எங்கே கிடைத்தது என்ற கணக்கு தப்பாமல் இருக்கத்தான்.

17. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் ஒரு பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும். விழுந்த பொருள் மழைத்தண்ணீர் போகிற வழியில்தான் போயிருக்கும், ஆனால் வெகுதூரம் போயிருக்காது. கல்லும் கல்லும் சேரும் இடுக்கு, தூம்புவாய்க்கு ஒரு சாண் முன்னால், வாசல்படியின் உள்மூலை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் கனமானது உட்காரும் என்ற விதி ஆற்றுக்கும் முற்றத்துக்கும் ஒன்றுதான்.

18. தூம்புக்குள் போயிருக்கும் என்று தோன்றினால் பழைய அகப்பையால் சகதியை அள்ளி, முதல் அள்ளல் ஒரு வாளி, அடுத்தது இன்னொரு வாளி என்று தனித்தனியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டினால், எந்த இடத்தில் கிடைத்தது என்றே தெரியாமல் போகும். கம்மலில் ஒரு ஜோடி கல் தொலைந்திருந்தால் இரண்டாவது கல்லைத் தேட அந்த விவரம்தான் உதவும்.

19. வாஷ்பேசினில் விழுந்துவிட்டால் குழாயை மூடிவிட்டு, கீழே வாளி வைத்து, பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் பொருள் அதிலேயே கிடக்கும். பிளம்பரைக் கூப்பிடும் செலவு மிச்சம்.

20. வாக்குவம் கிளீனர் உள்ளவர்கள் குழாய் வாயில் பழைய நைலான் சாக்ஸை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி உறிஞ்சவிடலாம். தூசி உள்ளே போகும், திருகாணி சாக்ஸில் நின்றுவிடும். கட்டில் அடிக்கும் சோபா இடுக்குக்கும் இது அருமையான வழி.

21. கிணற்றில் மோதிரம் விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டு மண்ணைக் கிளறாதீர்கள். வாளிக்குத்தான் அது சரி, மோதிரத்தை அது ஆழத்தில் புதைத்துவிடும். காந்தத்துக்கும் தங்கம் வராது. கோடையில் தூர் வாரும்வரை பொறுத்திருந்து, அடியில் கடைசியாக வரும் சேற்றைத் தனியே கொட்டச் சொல்லி அரித்துப் பாருங்கள்.

22. ஏதாவது தொலைந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாமல் ஒரு சாக்கில் சேருங்கள். முறத்தில் புடைத்தாலே பாதி தேறிவிடும்.

23. நம் ஊர்களில் தங்கம் தேடுவதில் கைதேர்ந்தவர்கள் என்றால், நகைப் பட்டறைத் தெருக்களில் மண் கூட்டி அரிக்கும் குடும்பங்களைத்தான் சொல்வேன். காரைக்குடி, கோவை, மதுரை என்று பட்டறைகள் நெருங்கிய ஊர்களில் விடியுமுன் அவர்கள் வேலையைப் பார்க்கலாம். தெரு முழுவதையும் கூட்டமாட்டார்கள். பட்டறை வாசல்படி, பத்தர் கைகழுவும் இடம், அந்தத் தண்ணீர் விழும் சாக்கடையின் முதல் பள்ளம், இப்படி நாலைந்து இடத்தில் மட்டும் மண் எடுத்து, அரித்து, தேறுகிற இடத்துக்குத் திரும்ப வருவார்கள். கொஞ்சமாக எடுத்துப் பார், கண்டால் தொடர், காணாவிட்டால் நகர் என்பதுதான் அவர்கள் முறை. இனி வரும் குறிப்புகளில் நான் சொல்லப்போவதும் பெரும்பாலும் அதுதான்.

24. பட்டறைச் சாக்கடையில் திராவகமும் கலந்திருக்கும், உடைந்த கண்ணாடியும் இருக்கும். வீட்டில் இருக்கிற நாம் அந்த வேலைக்குப் போக வேண்டாம். ஆனால் பழைய நகையை உருக்கக் கொடுக்கும்போது கூடவே உட்கார்ந்து பாருங்கள். பத்தர் மடிமேல் விரித்த துணியையும், அரம் போட்ட தூளையும், அடுப்புச் சாம்பலையும் எவ்வளவு பத்திரமாகச் சேர்க்கிறார் என்று பார்த்தாலே தேடும் கண் நமக்கும் வந்துவிடும்.

25. போர் போடும்போதோ கிணறு வெட்டும்போதோ மினுங்கும் மண் வந்தால் பதற வேண்டாம். சிவகங்கைப் பக்கம் பூமிக்குள் பேர் சொல்லும் கனிமம் கிராஃபைட். தங்கம் பொதிந்த பாறை என்றால் கோலாரும், ராய்ச்சூர்ப் பக்கத்து ஹட்டியும், நீலகிரியில் தேவாலாவும்தான் நமக்குக் கிட்டத்தில். நம் வயலில் மினுங்குவது பெரும்பாலும் காக்காப்பொன்தான், 10-ஆம், 11-ஆம் குறிப்பைச் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

26. எங்கே மண் எடுத்தாலும் ஒரே அளவையால் எடுங்கள். ஒரு இடத்தில் உழக்கு, இன்னொரு இடத்தில் படி என்றால் எந்த இடம் தேவலை என்று எப்படிச் சொல்வது? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய உழக்கு இதற்கு நல்லது.

27. கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இடம், ஆழம், எத்தனை துகள் என்று மூன்றே விஷயம் எழுதி, மண் வைத்த கவருக்குள்ளேயே போடுங்கள். ஒன்றும் கிடைக்காத இடத்துக்கும் எழுத வேண்டும். எங்கே தோண்ட வேண்டாம் என்று தெரிவதும் லாபம்தான்.

28. துகளை எடைபோட முயல வேண்டாம், எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியும் சிறு துகள் ஒரு மில்லிகிராம் இருந்தாலே பெரிது. அப்படி 8,000 துகள் சேர்ந்தால் ஒரு பவுன். இந்தக் கணக்கைப் பிள்ளைகளை விட்டே போடச் சொல்லுங்கள், பவுனின் அருமை அவர்களுக்கும் புரியும்.

29. மேல்மண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சாணுக்கு ஒரு உழக்கு என்று ஆழம் போகப் போக எடுங்கள். பொன் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போய்ப் பாறையிலோ கெட்டிக் களிமண்ணிலோதான் நிற்கும். அந்தக் களிமண் வந்ததும் அதன் மேல்தோலைச் சுரண்டி அரியுங்கள். களிமண்ணுக்குக் கீழே மேற்கொண்டு தோண்டுவது பெரும்பாலும் வீண் வேலை.

30. ஆற்றில் பார்ப்பதானால் வளைவின் உள்பக்கம், பெரிய பாறையின் பின்புறம், கரையோர மரவேர்ப் பின்னல், பாறை வெடிப்பு ஆகியவைதான் இடம். வெடிப்பில் இருக்கும் மண்ணை எடுக்கப் பழைய கரண்டிக் காம்பை வளைத்துக்கொண்டால் போதும்.

31. துகள் தட்டையாக, ஓரம் மழுங்கி இருந்தால் வெகுதூரம் உருண்டு வந்தது என்று அர்த்தம். முரடாக, கூர் கூராக, வெங்கச்சங்கல் ஒட்டிக்கொண்டு இருந்தால் பிறந்த இடம் பக்கத்தில். ஆற்றின் எதிர்த்திசையில் போய் இடைவெளி விட்டு விட்டு அரித்துக்கொண்டே போகும்போது துகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து திடீரென்று நின்றுபோனால், கடைசியாகக் கிடைத்த இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவில், கரைமேட்டுப் பக்கம் பாருங்கள். உலகம் முழுக்கப் பொன் தேடுகிறவர்கள் இப்படித்தான் பாறையைக் கண்டுபிடித்தார்கள்.

32. ஒரு சட்டியில் நாலு துகள் கிடைத்துவிட்டால் அந்த இடத்தையே குடைய வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். அதே இடத்தில் இன்னும் இரண்டு உழக்கு, ஒரு முழம் இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு உழக்கு எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். நல்ல சட்டி ஒன்று எங்கே வேண்டுமானாலும் வந்துவிடும்.

33. இப்படிப் பல இடத்தில் எடுத்துப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தேவாலாவும் பந்தலூரும் சாட்சி. 1880-ஐ ஒட்டி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருந்து வந்த பிரஃப் ஸ்மைத் என்ற நிபுணரின் அறிக்கை அங்குள்ள வெங்கச்சங்கல் பாறைகளில் பொன் இருப்பதாக உற்சாகமாகச் சொன்னது. இரண்டே வருடத்தில் லண்டனில் பங்கு விற்றுச் சுமார் நாற்பது கம்பெனிகள் முளைத்தன, மூலதனம் ஐம்பது லட்சம் பவுண்டு. பாறை முழுக்க எவ்வளவு தேறும் என்று பொறுமையாகப் பார்க்குமுன்பே கல் உடைக்கும் இயந்திரங்களை மலையேற்றிவிட்டார்கள். அரைத்துப் பார்த்தால் கூலிக்கும் கட்டவில்லை. சில வருடங்களில் எல்லாம் மூடப்பட்டு, தேயிலையும் காப்பியும்தான் மிஞ்சின. பொன் அங்கே இல்லாமல் இல்லை. ஒரு கைப்பிடியில் கண்டதை மலை முழுக்க இருக்கும் என்று எண்ணியதுதான் நட்டம்.

34. கோலாரில் நடந்தது வேறு. லவெல் என்ற பழைய சிப்பாய் 1873-இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் பொறுப்பேற்றும் சில வருடங்களில் கையிருப்பு கரைந்து, மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. அந்த நேரத்தில் புதிய இடத்தைத் தேடி ஓடாமல், பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழிகளின் தடத்திலேயே ஆழமாக இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் என்ற பொன் பாறை அங்கேதான் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை சுமார் 800 டன் தங்கம் வந்த வயல் அது, இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி நம் வடாற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். காசு தீர்கிற நேரத்தில் தொடர்ந்து தோண்டலாம், ஆனால் கையில் வலுவான தடயம் இருக்க வேண்டும். வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு தோண்டக்கூடாது.

35. உள்ளூர்க்காரர்களைக் கேட்பதைப்போல் மலிவான சோதனை எதுவும் இல்லை. 1802-இல் கோலார்ப் பக்கம் வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, பொன் உள்ள மண்ணைக் காட்டுவோருக்கு வெகுமதி என்றார். ஊர்மக்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அரித்துக் காட்டினார்கள். வீட்டில் தொலைத்ததற்கும் இதுவே வழி, பால்காரரையும் பாத்திரம் துலக்க வருபவரையும் பக்கத்து வீட்டு ஆச்சியையும் மரியாதையாக ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

36. எத்தனை வாளி தோண்டுவது என்பதை மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். "இருபது வாளி, அதில் தொடர்ந்து ஐந்து வாளி வெறுமையாகப் போனால் நிறுத்தம்" என்பது போல ஒரு வரி போதும். குழிக்குள் இறங்கியபின் எடுக்கிற முடிவு எப்போதும் 'இன்னும் ஒரே ஒரு வாளி' என்றுதான் இருக்கும்.

37. ஏற்கெனவே பட்ட பாட்டுக்காகத் தோண்டாதீர்கள். இடுப்பளவு தோண்டியாயிற்றே, விட மனசில்லையே என்று தோன்றினால், இந்த இடத்துக்கு இன்றைக்குத்தான் புதிதாக வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு 27-ஆம் குறிப்பில் சொன்ன சீட்டுகளை மறுபடி படியுங்கள். அப்படிப் படித்தாலும் இங்கேதான் தோண்டுவேன் என்றால் தோண்டுங்கள்.

38. வரவு செலவு எழுதுங்கள். டன்னுக்கு 5 கிராம் தேறினால் சுரங்கக்காரர்களுக்கு அது நல்ல தாது, அதிலும் ஒரு பவுனுக்கு 1,600 கிலோ கல்லை உடைத்து மாவாக்க வேண்டும். வீட்டில் செய்வது பொழுதுபோக்கு, பிள்ளைகளுக்குப் பாடம், தொலைந்த பொருளை மீட்கும் வழி. பிழைப்புக்கு வழியாக இதை எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

39. தண்ணீர்ப் பஞ்ச நாளில் காற்றைப் பயன்படுத்துங்கள். நன்றாகக் காய்ந்த மண்ணைச் சலித்து, களத்தில் நெல் தூற்றுவதுபோல் உயரத்திலிருந்து கீழே வைத்த தாம்பாளத்தில் விடுங்கள், லேசான மண் பறந்துவிடும். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் தண்ணீர் கிடைக்காத பொன் வயல்களில் இப்படித்தான் பிரித்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

40. இடுப்பளவுக்குமேல் ஆழமான குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிக்க வேண்டாம், மழை பெய்த மறுநாள் தோண்டவே வேண்டாம். தேவாலாப் பக்கம் பழைய சுரங்கக் குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. அந்த வீடுகளில் பிள்ளைகள் இன்றும் அப்பா இல்லாமல் வளர்கிறார்கள் என்பதை நினைத்தால் எந்தத் துகளும் பெரிதாகத் தெரியாது.

41. தங்கம் அரசுக்குக் கட்டுப்பட்ட கனிமம். 1957-ஆம் வருடச் சுரங்கச் சட்டப்படி உரிமமோ குத்தகையோ இல்லாமல் அதை வெட்டி எடுக்கக்கூடாது, காட்டுக்குள் என்றால் வனச்சட்டமும் சேரும். சுற்றுலாப் போன இடத்தில் சட்டியை இறக்கும் முன் அந்த இடத்து அதிகாரிகளைக் கேட்டுவிடுங்கள்.

42. பழைய வீட்டில் சுவர் இடிக்கும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசோ நகையோ வந்தால் 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் நினைவிருக்கட்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமைக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்று பங்கு சொல்கிறது அந்தச் சட்டம், அரசே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் உண்டு. மறைத்தால் பங்கும் போய், சிறையும் வரும்.

43. "உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் குடம் இருக்கிறது, மை போட்டுப் பார்த்தேன்" என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெரிய வீடும் பூட்டிய அறையும் உள்ள நம் ஊர்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். பூஜைச் செலவு, எடுப்புக்கூலி என்று இருக்கிற பவுனையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

44. தோண்டும்போது கறுப்பு சிவப்பு ஓடு, சங்கு வளையல், பாசிமணி வந்தால் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் தாசில்தாருக்குத் தகவல் கொடுங்கள். நம் மாவட்டத்துக் கீழடியை ஒட்டிய அகரத்தில் 2020-இல் கிடைத்த வீரராயன் பணம் என்ற பொற்காசின் எடை 300 மில்லிகிராம்தான். அது எந்த மண்ணடுக்கில் இருந்தது என்ற விவரம் கூடவே இருந்ததால்தான் அந்தச் சின்னக் காசு அவ்வளவு பேசியது. நாம் கிளறிவிட்டால் அந்த விவரம் யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

45. பழைய பட்டுப் புடவையைத் தெருவில் வருபவரிடம் கொடுக்கும் முன் சரிகை நூல் ஒன்றை உருவிச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூலும் வெள்ளி மினுக்கும் தெரிந்தால் அசல். சரிகையில் தங்கம் மேல்பூச்சுக்கு மட்டும்தான், விலையெல்லாம் வெள்ளிக்குத்தான். நாலு இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

46. அலமாரியில் தூங்கும் பழைய செல்போன்களிலும் பொன் இருக்கிறது. 2020 டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் 62 லட்சம் பழைய போன்களும் சுமார் 79,000 டன் மின்னணுச் சாமானும் சேர்த்து 32 கிலோ தங்கம் பிரித்தார்கள். வீட்டில் எரித்தோ திராவகத்தில் போட்டோ எடுக்க நினைக்காதீர்கள், விஷப்புகைதான் மிஞ்சும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் மொத்தமாகக் கொடுத்து, புதுச் சாமானில் தள்ளுபடி கேளுங்கள்.

47. புதுத் திருகாணி வாங்கும்போது மரையில் ஒரு பொட்டு மெழுகு தொட்டுப் போட்டால் சட்டென்று கழலாது. மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நகைகளை ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வைத்தால், தொலைந்தபோது எவ்வளவு பெரியதைத் தேடுகிறோம் என்று மற்றவர்களுக்குக் காட்டலாம்.

48. தேடி முடித்த குழியை அன்றைக்கே மூடுங்கள், ஆடு மாடும் குழந்தைகளும் விழுந்துவிடும். அரித்தபின் மிஞ்சிய வண்டலைச் சலித்து மட்கிய சாண எருவோடு சரிபாதியாகக் கலந்து தொட்டியில் நிரப்பி அரைக்கீரை தூவலாம். சாக்கடையில் அள்ளிய சகதியை மட்டும் கீரைக்குப் போடாதீர்கள், அதைப் பூச்செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.